கச்சேரிக்கு முன் ஒரு நிமிடம்



வானொலியில் செய்தி முடிந்து தம்பூராவின் ஓசை எழுந்ததும், "ஆரம்பித்துவிட்டான், இனி ஆ... ஊ... என்றுதான் இருக்கும்" என்று சொல்லிப் பெட்டியின் காதைத் திருகுகிறவர்கள் பலர். அவர்களை நாங்கள் குறை சொல்லப்போவதில்லை. வீட்டுக்கு ஒரு விருந்தாளி வருகிறார். அவர் யார், எந்த ஊர், என்ன உறவு என்று ஒருவரும் சொல்லாவிட்டால் அவரோடு எதைப் பேசுவது? கருநாடக இசைக்கும் அதே கதிதான் நேர்கிறது. அதை நமக்கு அறிமுகம் செய்து வைக்கவேண்டியவர் அறிவிப்பாளர். கச்சேரிக்கு முன்னால் அவருக்குக் கிடைப்பது ஒரு நிமிடம். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் அரை நிமிடம். அந்த நேரத்தில் அவர் எதைச் சொல்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

முன்காலத்தில் இந்த இசையை யார் கேட்டார்கள்? அரண்மனையில் அரசர் கேட்டார். ஜமீன்தார் வீட்டுக் கல்யாணத்தில் அவருடைய உறவினர் கேட்டனர். பிறகு சென்னைப் பட்டணத்தில் சபாக்கள் ஏற்பட்டன. மியூசிக் அகாடமி என்று பெயர் பெற்ற சங்கீத வித்வத் சபை 1928-ஆம் ஆண்டு தொடங்கியது. சபாவில் கேட்கச் சீட்டு வாங்கவேண்டும். கோயில் நாகசுரத்துக்குச் சீட்டு வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கோயிலுக்குள் நம் பாட்டன் பூட்டன்மாரில் பலருக்கு இடமில்லை. சுவாமி புறப்பாடு வீதிக்கு வரும்போது எட்ட நின்று காதில் விழுந்ததைக் கேட்டுக்கொண்டார்கள்.

இங்கே இரண்டு தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939-ஆம் ஆண்டு மே மாதம் 16-ஆம் நாள் தொடங்கியது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் முதன்முதலாக அழைத்துச் செல்லப்பட்டது அதே ஆண்டு ஜூலை மாதம் 8-ஆம் நாள். கோயிலின் கதவு திறப்பதற்கு ஏறக்குறைய இரண்டு மாதம் முன்னதாகவே அந்தக் கோயிலின் இசை காற்றில் வெளியே வந்துவிட்டது. பெட்டி வாங்கும் வசதி அன்று சிலருக்குத்தான் இருந்தது என்பது உண்மை. ஆனாலும் வானொலி, நீ யார், எந்தத் தெரு, சட்டை போட்டிருக்கிறாயா என்று கேட்பதில்லை. ஒருவர் வீட்டில் பெட்டி பாடினால் தெருவே கேட்கலாம்.

சென்னையில் இது இன்னும் முன்னமே தொடங்கிய கதை. 1924-இல் ஒரு வானொலிக் கழகம் அங்கே ஒலிபரப்பை ஆரம்பித்தது. பணமில்லாமல் அது நின்றுபோக, 1930-இல் சென்னை நகராட்சி அந்தப் பணியை எடுத்துக்கொண்டது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். வேலை முடிந்து மணலில் காற்று வாங்க வந்தவர்கள் காசில்லாமல் கச்சேரி கேட்டார்கள். 1938-இல் அகில இந்திய வானொலி சென்னைக்கு வந்தது.

நம் நாட்டுச் செய்திக்கு வருவோம். 1946-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் ரேடியோ மலாயா தொடங்கியபோது, மலாய், ஆங்கிலம், சீனம் ஆகியவற்றோடு தமிழும் அதில் இடம் பெற்றது. 1948-இல் அவசரகாலம் பிறந்த பிறகு, பலரும் சேர்ந்து கேட்பதற்கென்று தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் அரசாங்கம் வானொலிப் பெட்டிகளை வைத்தது. அரசாங்கம் வைத்தது தன்னுடைய செய்தியை நாம் கேட்கவேண்டும் என்பதற்காக. நாம் உட்கார்ந்தது பாட்டுக்காக! விடியற்காலை பெரட்டுக்குப் போகுமுன் ஒலிக்கும் மங்கல இசை தோட்டத்து மக்களுக்கு அப்படித்தான் பழக்கமாயிற்று. கையில் மணி கட்டாதவர்களுக்கு அந்த நாகசுரமே மணிக்கூண்டு.

இப்போது நிலையத்துக்குள் வாருங்கள். கச்சேரி செய்பவர் பாடும் அறை ஒன்று. நடுவே பெரிய கண்ணாடி. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒலியைக் கவனிப்பவர். ஒலிவாங்கியை எங்கே வைப்பது என்பதே ஒரு தனிக் கலை. நாகசுரமும் தவிலும் வெட்டவெளிக்காகப் பிறந்த வாத்தியங்கள். நாலு வீதிக்கும் கேட்கவேண்டியவை. அவற்றுக்கு ஒலிவாங்கியைத் தள்ளி வைக்கவேண்டும். வீணை அப்படியல்ல. அதன் நாதம் மெல்லியது. பெரிய மண்டபத்தில் நாலாவது வரிசைக்கு அப்பால் போவதே சிரமம். வானொலியில் ஒலிவாங்கியை நெருக்கி வைத்தால், விரல் தந்தியில் வழுக்கும் ஓசைகூட லயத்து வீட்டின் திண்ணைக்கு வந்துவிடும். வீணைக்கு வானொலி செய்த உபகாரம் சிறியதல்ல என்பது எங்கள் எண்ணம். பாடகர்களும் மாறினார்கள். ஒலிவாங்கி வருமுன்னர், கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமே என்று உச்சக் குரலில் பாடவேண்டியிருந்தது. பிற்காலத்தில் தணிந்த சுருதியில் அமைதியாகப் பாடினாலும் கேட்டது.

லயம் என்று சொன்னதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நமக்கு லயம் என்றால் வரிசை வீடு. சங்கீதக்காரருக்கு லயம் என்றால் தாளத்தின் சீரான நடை. ஒரே சொல்லில் இரண்டும் அடங்கிவிடுகின்றன. லயத்தில் பிறந்தவனுக்கு லயம் வராது என்று இனி யாரும் சொல்லவேண்டாம்.

அறிவிப்பாளரின் வேலை ஒலிபரப்புக்கு வெகு நேரம் முன்னாலேயே தொடங்கிவிடும். கலைஞரோடு உட்கார்ந்து பாட்டுகளின் பட்டியலை எழுதிக்கொள்ளவேண்டும். ஒவ்வொன்றுக்கும் ராகம், தாளம், இயற்றியவர், பிடிக்கும் நேரம் ஆகியவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளவேண்டும். வயலின் யார், மிருதங்கம் யார், கடமோ கஞ்சிராவோ உண்டா என்று பெயர்களைச் சரிபார்க்கவேண்டும். கலைஞர்களில் பலர் பெயருக்கு முன் ஊரைச் சுமந்து வருகிறவர்கள்: அரியக்குடி, செம்மங்குடி, காருகுறிச்சி. ஊரைத் தவறாகச் சொன்னால் ஆளையே மாற்றியது போலாகும். பட்டங்களை மட்டும் சுருக்கிக்கொள்ளலாம். சிலருக்கு உள்ள பட்டங்கள் எல்லாவற்றையும் படித்தால் முதல் வர்ணத்துக்கு நேரமிராது.

நேரம் என்பது வானொலியில் எமன். முன்காலக் கச்சேரி நாலு மணி, ஐந்து மணி நேரம் நடக்கும். ஒரு ராகத்தையே இரவெல்லாம் வாசித்த நாகசுர வித்துவான்கள் உண்டு. இசைத்தட்டு வந்தபோது, நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் அந்தத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகமாகத்தான் இடம் இருந்தது. கடலை ஒரு செம்பில் அடைக்கச் சொன்னார்கள். மேதைகள் அடைத்தும் காட்டினார்கள்! பின்னர் ஒலிநாடா வந்தது. விநாடிக்கு ஏழரை அங்குலம் ஓடும் 1,200 அடி நாடா 32 நிமிடம் தாங்கும். அரைமணிக் கச்சேரி அதில் அளவாக அடங்கியது. இன்று நாடாவும் போய்க் கணினி வந்துவிட்டது. ஆனால் கடிகாரம் போகவில்லை. எட்டு மணிச் செய்தி எட்டு மணிக்கே வரவேண்டும். ஆகையால் பாடுகிறவருக்குக் கண்ணாடி வழியாகக் கையைக் காட்டி, இன்னும் ஐந்து நிமிடம், இன்னும் இரண்டு நிமிடம் என்று சொல்வதும் இந்தப் பணியைச் சேர்ந்ததே. அதை அவர் மனம் குலையாமல் செய்யத் தெரியவேண்டும். ஆலாபனையின் உச்சியில் கண்மூடி நிற்கிறவரைக் கைதட்டி எழுப்பக்கூடாது.

இனி, பேசவேண்டிய அந்த ஒரு நிமிடத்தைப் பார்ப்போம். "அடுத்து வருவது மாஞ்சி ராகம், மிஸ்ர சாபு தாளம், கோபாலகிருஷ்ண பாரதியார் பாடல்" என்று அறிவித்துவிட்டு ஒதுங்கினால் அதில் பிழை ஒன்றும் இல்லை. சங்கீதம் கற்றவர்கள் புரிந்துகொள்வார்கள். மற்றவர்களுக்கு அது முகவரியில்லாத கடிதம். அதையே இப்படிச் சொல்லிப் பார்ப்போம்:

"நேயர்களே, நந்தன் என்று ஓர் உழவுத் தொழிலாளி. அவனுக்குச் சிதம்பரம் போய் நடராசரைப் பார்க்க ஆசை. ஆண்டையிடம் உத்தரவு கேட்கிறான். நாற்பது வேலி நிலத்தின் வேலையையும் முடித்துவிட்டுப் போ என்கிறார் ஆண்டை. இன்று போகலாம், நாளை போகலாம் என்று காத்திருந்த அந்த மனிதனின் ஏக்கத்தைக் கோபாலகிருஷ்ண பாரதியார் பாட்டாக்கியிருக்கிறார். கேளுங்கள்."

இதற்கு அரை நிமிடம் போதும். பெரிய கிராணியிடம் லீவு கேட்டு நின்ற எவருக்கும் இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. பாட்டு தொடங்குமுன்னே காது தயாராகிவிடும். ராகத்தின் பெயரைப் பிறகு சொன்னால்கூட, அந்த ஏக்கத்தின் நிறம் இன்னது என்று மனத்தில் பதிந்துவிடும்.

கோபாலகிருஷ்ண பாரதியார் 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். அவருடைய நந்தனார் சரித்திரக் கீர்த்தனை 1861-இல் அச்சாயிற்று. சேக்கிழார் பெரியபுராணத்தில் சொன்ன திருநாளைப்போவார் கதையில் அந்த ஆண்டை கிடையாது. பாரதியார்தான் அவரைச் சேர்த்தார். அடிமைப்பட்டு உழைப்பவனுக்கும் ஏவுகிறவனுக்கும் நடக்கும் பேச்சைக் கதாகாலட்சேப மேடைக்குக் கொண்டுவந்தார். 1935-இல் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்த படமும், 1942-இல் தண்டபாணி தேசிகர் நடித்த ஜெமினி படமும் வந்தன. நம் மூத்தவர்கள் இவற்றைக் கேட்டு வளர்ந்தவர்கள். ஆக, 'அந்த இசை நமக்கானதல்ல' என்று சொல்லிக்கொண்டே, நம்மைப் பற்றிய இசையை நாமே அடைத்துவிடுகிறோமோ என்று தோன்றுகிறது.

தெலுங்குக் கீர்த்தனைகளுக்கு இந்த அரை நிமிடம் இன்னும் அவசியம். மொழி புரியவில்லை என்ற குறை நியாயமான குறைதான். அதனால்தான் 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கமே தோன்றியது. முத்துத்தாண்டவர், மாரிமுத்தாப் பிள்ளை, அருணாசலக் கவிராயர் பாடல்களுக்கு மேடையில் மதிப்பான இடம் வேண்டும் என்று அன்று எழுந்த குரல் இன்றும் தேவையான குரலே. அதே சமயம், தியாகராசர் தெலுங்கில் பாடினார் என்பதற்காக அவரை வாசலில் நிறுத்தவேண்டியதும் இல்லை. 1767 முதல் 1847 வரை வாழ்ந்த அவர், தெருவில் பாடிக்கொண்டு போய் வீட்டார் இடும் அரிசியை வாங்கிக் குடும்பம் நடத்தியவர். தஞ்சை அரண்மனையின் அழைப்பை அவர் மறுத்துவிட்டதாக வழிவழியாகச் சொல்லுவார்கள். பணம் தரும் சுகம் பெரிதா, இறைவன் அருகில் இருப்பது பெரிதா என்று கேட்கும் அவருடைய கல்யாணி ராகக் கீர்த்தனையை ஒலிபரப்புமுன் இவ்வளவு சொன்னால் போதும். மொழி தெரியாவிட்டாலும் கேள்வி புரியும்.

பெயர்களும் சில வேளை பயமுறுத்துகின்றன. கரகரப்பிரியா என்று சொன்னதும் பிள்ளைகள் தொண்டை கரகரப்பு என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கரன் என்ற அரக்கனை அழித்த இராமனுக்குப் பிரியமானது என்று அதற்குப் பொருள் சொல்லுவார்கள் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால், சிரித்த பிள்ளைதான் பெயரை மறக்காது. தெரிந்த பாட்டைக் கொண்டு தெரியாத ராகத்தைக் காட்டுவதும் நல்ல வழி. 'ஹரிதாஸ்' படத்தில் பாகவதர் பாடிப் புகழ் பெற்ற பாட்டு சாருகேசி. 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில் ஜானகியின் குரலோடு போட்டி போட்ட நாகசுரம் காருகுறிச்சி அருணாசலம் அவர்களுடையது, ராகம் ஆபேரி. 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் சிவாஜி கணேசன் வாசிப்பதாக நாம் பார்த்தது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பு. இவற்றையெல்லாம் விரும்பிக் கேட்டவர்களுக்குச் சங்கீதம் தெரியாது என்று எப்படிச் சொல்வது? தெரியும். பெயர்தான் தெரியாது.

இந்த இடத்தில் இந்தியாவில் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். 1952 முதல் பத்து ஆண்டுகள் அங்கே ஒலிபரப்பு அமைச்சராக இருந்தவர் பி. வி. கேஸ்கர். சாஸ்திரீய இசையில் மிகுந்த பற்றுள்ளவர். தேசிய இசை நிகழ்ச்சி அவர் காலத்தில்தான் தொடங்கியது. நாடு முழுதும் பெரிய வித்துவான்களைக் கேட்டது. செம்மங்குடி சீனிவாச ஐயர் போன்றவர்களும் வானொலியில் பொறுப்பேற்றுப் பணி செய்தார்கள். இவை நன்மைகள். ஆனால் அமைச்சர் சினிமாப் பாட்டை வானொலியிலிருந்து ஏறக்குறைய துரத்தியும்விட்டார். மக்கள் என்ன செய்தார்கள்? உட்கார்ந்து ஆலாபனை கேட்டார்களா? பெட்டியைத் திருகி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். 1957-இல் சினிமாப் பாட்டுக்கு இடம் தரும் விவித பாரதியை அரசாங்கமே தொடங்கவேண்டியதாயிற்று. நல்ல பதார்த்தம்தான் என்று வாயைப் பிளந்து ஊட்டினால் குழந்தைகூட துப்பிவிடும். கருநாடக இசை நிகழ்ச்சியை நடத்துகிற எவரும் இதை மறக்கக்கூடாது. இன்னொரு பக்கம், 'யாரும் கேட்பதில்லை, ஆகவே எடுத்துவிடலாம்' என்று சொல்லும் வாதமும் இருக்கிறது. அரசாங்க வானொலி விளம்பரக் கணக்கை மட்டும் பார்த்து நடக்கவேண்டியதல்ல. அரைமணி நேரத்தைச் சரியாக நடத்திப் பார்த்த பிறகல்லவா கேட்பாரில்லை என்று சொல்லவேண்டும்?

ஆர்மோனியத்தின் கதை இதைவிட வேடிக்கை. சுரங்களுக்கு இடையே வழுக்கும் கமகம் அந்தப் பெட்டியில் வராது என்று சொல்லி 1940-இல் அகில இந்திய வானொலி அதற்குத் தடை போட்டது. தடை தளர ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. காரணத்தில் உண்மை உண்டு. ஆனால் நம் பசனை மடங்களில் ஆர்மோனியம் இல்லாவிட்டால் பாட்டே எழும்பாது. அதைத் தாழ்வாக நினைக்கவேண்டியதில்லை.

இப்போது பிள்ளைகளுக்காகச் சற்று நேரம். வீட்டில் பாட்டு வாத்தியார் இல்லை, சம்பளம் கொடுக்க வசதியில்லை என்றாலும், வானொலிக்கு முன் உட்கார்ந்து ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம். அதுதான் ஆதி தாளம். வலது கையைத் தொடையில் ஒரு தட்டு. பிறகு சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல் என்று மூன்று எண்ணிக்கை. நான்கு ஆயிற்று. பிறகு ஒரு தட்டு, கையைத் திருப்பி ஒரு வீச்சு. மறுபடி ஒரு தட்டு, ஒரு வீச்சு. மொத்தம் எட்டு. இதுவே திரும்பத் திரும்ப வரும். அறிவிப்பாளர் 'ஆதி தாளம்' என்று சொன்ன உடனே போடத் தொடங்குங்கள். முதலில் பாட்டு உங்களை விட்டு ஓடும். நாலைந்து சுற்றுக்குள் கை சேர்ந்துகொள்ளும். பாட்டு தட்டிலேயே தொடங்காமல் கொஞ்சம் தள்ளித் தொடங்கினால் பயப்படவேண்டாம். அதற்கு எடுப்பு என்று பெயர்.

பழகிக்கொள்ள நல்ல நாள் ஒன்று உண்டு. காவிரிக் கரையில் திருவையாற்றில், தை மாதத்தையொட்டி வரும் பகுள பஞ்சமியன்று தியாகராசர் ஆராதனை நடக்கும். அவருடைய சமாதியில் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள் என்ற பெண்மணி. தன் பொருளையெல்லாம் அதற்கே கொடுத்தவர். அன்று வித்துவான்கள் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து ஐந்து கீர்த்தனைகளைச் சேர்ந்து பாடுவார்கள். அகில இந்திய வானொலி அதை அங்கிருந்தே நேரடியாக ஒலிபரப்பி வந்திருக்கிறது. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ராகம் ஐந்து. தாளம் மட்டும் ஐந்துக்கும் ஆதியே. கையிலுள்ள தொலைபேசியிலேயே வானொலி கேட்கும் காலம் இது. அம்மா சமையல் செய்தபடியும், பிள்ளைகள் பாயில் உட்கார்ந்தபடியும் ஐந்தையும் தாளம் போட்டு முடித்தால், அந்த வீட்டில் பாதிப் பாடம் நடந்துவிட்டது.

கடைசியாகத் தனி ஆவர்த்தனம். பாட்டு நின்று மிருதங்கமும் கடமும் மட்டும் மாறி மாறிப் பேசும் பகுதி. நேரம் குறைந்தால் முதலில் கத்தி விழுவது இதன்மேல்தான். ஒரு நிலையத்தில் தனி நடந்துகொண்டிருக்கும்போதே ஒலியைத் தணித்து, 'இத்துடன் கச்சேரி நிறைவு பெறுகிறது' என்று அறிவித்ததை நாங்களும் கேட்டிருக்கிறோம். முத்தாய்ப்பை நோக்கி ஓடிக்கொண்டிருந்த கணக்கு நடுவழியில் நின்றது. மாரியம்மன் திருவிழாவில் தப்பும் உறுமியும் தவிலும் கேட்டு வளர்ந்த நம் மக்களுக்கு, கச்சேரியிலேயே மிக விரைவில் பிடிபடக்கூடியது இந்தத் தனிதான். அதற்கு மொழி வேண்டாம், ராகத்தின் பெயர் வேண்டாம். ஆகவே, நேயர்களே, நிலையத்துக்குக் கடிதம் எழுதும்போது 'இன்ன பாட்டு போடுங்கள்' என்று கேட்பதோடு, 'தனியை வெட்டாமல் போடுங்கள்' என்றும் ஒரு வரி எழுதுங்கள். கீழே தோட்டத்தின் பெயரையும் மறக்காமல் எழுதுங்கள்.